ஓய்வுக்குப் பின் கணவன் மனைவியாக வெளிநாட்டு ஊழியம்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

உப்பேரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த நான், கடந்த 27 ஆண்டுகளாக யூட்டா மாநிலத்தில் வசித்து வருகிறேன். எனக்கு 66 வயது, மனைவிக்கு 62. நாங்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். மார்மன் சபை என்றால் இங்கே பலருக்கும் விளங்கும். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இருவர் இருவராகத் தெருவில் நடந்து போகும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற தம்பதியரும் அதே பட்டையை அணிந்து, அதே சபையின் பெயரால் வெளிநாடுகளுக்கு ஊழியத்திற்குப் போகிறார்கள் என்பது சபைக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது.

சென்ற மாதம் எங்கள் ஆயர் எங்களை அழைத்து, இதைக் குறித்து ஜெபித்துப் பாருங்கள் என்றார். மனைவி அன்று மாலையே தயாராகிவிட்டாள். தயக்கம் எனக்குத்தான். முப்பத்தைந்து ஆண்டுகள் பம்பு, வால்வு, குழாய் என்று காலத்தைக் கழித்தவன் நான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய் வேதம் பேசும் நாவன்மை எனக்கு இல்லை. மகளுக்கு வரும் நவம்பரில் முதல் குழந்தை பிறக்க இருக்கிறது. கோவையில் அம்மாவுக்கு 88 வயது. போதாக்குறைக்கு, நானும் மனைவியும் ஒரு நாள் முழுவதும் ஒரே அறையில் இருந்தால் பொழுது சாய்வதற்குள் ஒரு வாக்குவாதம் நிச்சயம் உண்டு; ஊழியத்தின் பதினெட்டு மாதத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பதை நான் விளையாட்டாகக் கேட்கவில்லை.

சபைக் கூட்டங்களில் போய் வந்தவர்கள் கண்ணீரும் புன்னகையுமாகச் சாட்சி சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வேண்டியது அது அன்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே என்ன செய்து கொண்டிருப்பேன் என்பதை யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடலோரத்து அக்கா (மறுமொழி)

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். நானும் என் கணவரும் கானா நாட்டின் கேப் கோஸ்ட் நகரில் பதினெட்டு மாதம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பினோம். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை, அவர் மின்வாரியத்தில் இருந்தவர். உங்கள் செவ்வாய்க்கிழமைக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் மிஷன் அலுவலகத்தில் வாடகை ரசீதுகளைச் சரிபார்த்துக் கொண்டிருப்பேன். அங்கே வீட்டுக்காரர்கள் இரண்டு ஆண்டு வாடகையை முன்பணமாக ஒரே தவணையில் கேட்பது வழக்கம். சட்டம் ஆறு மாதத்திற்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது, ஆனால் சட்டத்தைக் காட்டினால் வீடு கிடைக்காது. இளம் ஊழியர்கள் தங்கும் ஒவ்வொரு வீட்டிற்கும் ஒப்பந்தம், முன்பணம், முடிவுத் தேதி ஆகியவற்றைக் கண்காணிப்பது என் பொறுப்பு. அதே நேரத்தில் என் கணவர் ஏதாவது ஒரு வீட்டின் மொட்டை மாடியில், கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார். கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா, தண்ணீர் வடிகட்டியை மாற்றினார்களா, எரிவாயு உருளையின் குழாயில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து வருவது அவர் வேலை. பம்பும் வால்வும் மட்டுமே தெரியும் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர் சிரித்துவிட்டு, "இவரை உடனே அனுப்பச் சொல்" என்றார்.

வேதம் பேசுவதைப் பற்றிய உங்கள் அச்சத்திற்கு அதிக இடமில்லை. பிரசங்கிப்பதும் போதிப்பதும் பெரும்பாலும் இளைஞர்களின் வேலை. தம்பதியருக்கு அலுவலகம், ஆலயம், மனிதநேயப் பணி, குடும்ப வரலாற்றுப் பதிவு, உள்ளூர்த் தலைவர்களுக்குத் துணை, மருத்துவ ஆலோசனை என்று வெவ்வேறு பணிகள் உண்டு. விருப்பத்தைத் தெரிவிக்கலாம், எங்கே, எந்தப் பணிக்கு என்பதைத் தலைமைதான் முடிவு செய்யும். நாங்கள் பிலிப்பைன்ஸ் என்று எழுதிக் கொடுத்தோம், கானா வந்தது. யூட்டாவின் புரோவோ நகரில் உள்ள சபையின் பயிற்சி மையத்தில் தம்பதியருக்கு ஏறக்குறைய ஒரு வாரப் பயிற்சிதான். இளைஞர்களைப் போல ஆறரை மணிக்கு எழ வேண்டும், குறித்த நேரத்தில் விளக்கணைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நமக்கு இல்லை. பிள்ளைகளோடு எப்போது வேண்டுமானாலும் பேசலாம். சபை விதிப்படி தேநீரும் காபியும் இல்லை என்பது நமக்கு ஏற்கெனவே பழகிய ஒன்று. ஆனால் கானாவின் விருந்தோம்பலில் அவர்கள் நீட்டும் முதல் பொருள் தண்ணீர் என்பதால் அந்தச் சங்கடமே அங்கு எழவில்லை.

அந்த ஊரைப் பற்றி நான்கு வரியாவது எழுதாமல் இருக்க முடியவில்லை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று, துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையைச் செம்பழுப்பாக்கிவிடும். மின்சாரம் போய் வருவதற்கு அவர்கள் மொழியில் 'தும்சோர்' என்று ஒரு சொல்லே இருக்கிறது. தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலத்தைப் பார்த்த எனக்கு அது பழைய உறவினரைக் கண்டது போல இருந்தது. மாலையில் ஃபுஃபு இடிக்கும் ஓசை தெருவெங்கும் கேட்கும், அசல் நம் உரல் உலக்கை ஓசைதான். சோளமாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கென்கியை முதல் வாரம் என்னால் விழுங்க முடியவில்லை. மூன்றாவது மாதம், பழைய சோற்றுக்கு ஏங்கிய ஒரு காலையில், அந்தப் புளிப்புதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்பது அங்கேயும் கண்டிப்பான மரியாதை. உடன் வந்த அமெரிக்கத் தம்பதியர் அதைப் பழகத் தடுமாறியபோது, எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறந்த கிழமையால் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த என் கணவர் ஒரே வாரத்தில் கோஃபி ஆகிவிட்டார். ஊழியத்தில் மூப்பர் என்பது பதவிப் பெயர். சந்தைக்குப் போனால் அவர் கோஃபி தாத்தா.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தச் சபையின் ஊழியம் தொடங்கியதே தம்பதியரால்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1978 ஜூனில், சபையில் சடங்குகளை நடத்தும் அதிகாரமான குருத்துவம் கறுப்பின ஆண்களுக்கும் உண்டு என்ற அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரெண்டல் மேபி, ரேச்சல் மேபி, எட்வின் கேனன், ஜானத் கேனன் ஆகிய நால்வர், இரண்டு தம்பதியர், நைஜீரியாவுக்கும் பிறகு கானாவுக்கும் போனார்கள். மேபிக்கு அப்போது எழுபது வயது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கேப் கோஸ்டில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்பவர், 1964 முதல் யாருடைய அனுமதியும் இன்றித் தாமே படித்துத் தாமே போதித்து, சபைகளைத் திரட்டி வைத்துக் காத்திருந்தார். அந்த நால்வரைப் பற்றியே எங்கும் பேசுகிறார்கள். பதினான்கு ஆண்டு காத்திருந்தவரைப் பற்றி இன்னும் அதிகம் பேச வேண்டும் என்பது என் கருத்து. பின்னர் 1989 ஜூனிலிருந்து 1990 நவம்பர் வரை கானா அரசு இந்தச் சபையின் எல்லா நடவடிக்கைகளையும் தடை செய்தது. அந்த பதினேழு மாதமும் மக்கள் தங்கள் வீடுகளிலேயே ஆராதனை நடத்தினார்கள். அதைக் கடந்து வந்த மூதாட்டி ஒருவர் எங்கள் கிளையில், அதாவது அந்த ஊரின் சிறிய சபையில், இருந்தார். அவருக்கு விசுவாசம் பற்றி நாங்கள் கற்பிக்கப் போனோம் என்று சொல்வதற்கே நாணமாக இருக்கிறது.

நம் நாட்டிலும் ஏறக்குறைய அதே வாரங்களில் ஒரு தம்பதியர் இருந்தார்கள். சமோவாவில் வேலைபார்த்தபோது சபையில் சேர்ந்த எட்வின் தர்மராஜுவும் எல்சியும் 1978 டிசம்பரில் சொந்த ஊரான ஹைதராபாத்திற்குக் குறுகிய கால ஊழியத்திற்கு அனுப்பப்பட்டு, தங்கள் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

இனி, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட விஷயத்திற்கு வருகிறேன். ஊழியத்தில் எல்லோருக்கும் ஒரு துணை ஊழியர் உண்டு. நமக்கு அது கணவன் அல்லது மனைவி. வீடு, கார், அலுவலகம், ஆராதனை, சந்தை, எல்லா இடத்திலும் அதே முகம். முப்பது ஆண்டு நாங்கள் நன்றாக வாழ்ந்ததாக நினைத்தோம். உண்மையில் காலையில் பிரிந்து மாலையில் சேர்ந்ததால் நன்றாக வாழ்ந்திருக்கிறோம். நான்காவது மாதம், தகோராடிக்குப் போகும் சாலையில் இரண்டு மணி நேரம் ஒரு சொல் பேசாமல் பயணம் செய்தோம். காரணம் ஓர் எரிவாயு ரசீது. அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, சட்டையோடு துவைத்துவிட்டார். நான் பள்ளிப் பிள்ளையைக் கேட்பது போல அவரைக் கேட்டுவிட்டேன், அதுவும் இருபது வயதுப் பையன்கள் இருவர் முன்னிலையில். அன்று இரவு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அலுவலகத்திற்குள் நான் சொல்வதே முடிவு, வண்டியும் வீடுகளும் அவர் பொறுப்பு, ஒருவர் வேலையில் மற்றவர் கேட்டால் ஒழியக் கருத்துச் சொல்வதில்லை. திங்கள் பிற்பகலில் அவர் கடற்கரையில் மீனவர்கள் வலை இழுப்பதைப் பார்க்கப் போய்விடுவார், நான் வீட்டில் இருப்பேன். இது எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரப்படவில்லை. இது அமையாமல் ஆறாவது மாதமே திரும்பிவிட்ட ஒரு தம்பதியரையும் பார்த்தோம். அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

செலவு முழுவதும் நம்முடையது. இளம் ஊழியர்களுக்கு எந்த நாடாக இருந்தாலும் மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை; நமக்கு அப்படி இல்லை, போகும் இடத்தைப் பொறுத்து மாறும். தங்குமிடத்திற்கு மாதம் 1,400 டாலருக்கு மேல் நாம் தர வேண்டியதில்லை என்று 2011இல் விதி வகுத்தார்கள்; இப்போதைய வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உணவும் மருந்தும் பிற செலவும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டின் மாற்றத்தால்தான், பிறப்பு, திருமணம், இறப்பு போன்றவற்றுக்காகப் பத்து நாள் வரை சொந்தச் செலவில் வீட்டிற்கு வந்து போகவும் முடிகிறது. ஆகவே நவம்பரில் மகளிடம் போகலாம். அதன் பிறகு வரும் பத்து நாள் எதற்கு என்பதை மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள்.

கணக்குப்பிள்ளை (மறுமொழி)

ஐயா, நான் உங்கள் சபையைச் சார்ந்தவன் அல்லன். நியூஜெர்சியில் வரி, காப்பீடு தொடர்பான தொழிலில் இருக்கிறேன். நம்பிக்கை பற்றிய எதையும் நான் தொடப்போவதில்லை. ஆனால் அக்கா விரிவாக எழுதியதில் விடுபட்ட, நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய விஷயங்கள் சில உள்ளன.

முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர், அரிதான சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே ஆகும் மருத்துவச் செலவைத் தராது. எனவே சபை ஏற்பாடு செய்யும் வெளிநாட்டு மருத்துவத் திட்டத்தில் சேர்ந்து அதற்கான மாதச் சந்தாவைக் கட்ட வேண்டியிருக்கும். அங்கே பயன்படாததற்கு எதற்குப் பணம் என்று எண்ணிப் பலர் மெடிகேரில் மாதச் சந்தா கட்டும் 'பகுதி பி' காப்பீட்டை நிறுத்திவிடுகிறார்கள். பொதுவாக அப்படி நிறுத்திவிட்டுத் திரும்பச் சேர்ந்தால், விடுபட்ட ஒவ்வொரு முழு 12 மாதத்திற்கும் சந்தாவில் 10 சதவீதம் அபராதமாக ஏறும். அது வாழ்நாள் முழுவதும் தொடரும். ஆனால் வரிவிலக்குப் பெற்ற நிறுவனத்தின் சார்பில் குறைந்தது 12 மாதம் வெளிநாட்டில் தொண்டாற்றி, அந்தக் காலத்தில் வேறு மருத்துவக் காப்பீடும் வைத்திருந்தவர்களுக்குத் திரும்பி வந்ததும் அபராதமின்றிச் சேர ஆறு மாதச் சிறப்புக் கால அவகாசம் உண்டு. பதினெட்டு மாதம் போனால் இது உங்களுக்குப் பொருந்தும்; ஆறு மாத ஊழியம் என்றால் பொருந்தாது. எந்தக் கால அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இதையும் எடை போடுங்கள்.

அடுத்தது, உங்கள் மனைவி இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறார்களா? அப்படியானால் இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர் ஓராண்டோ அதற்கு மேலோ வெளியே இருக்கப்போகிறார் என்றால், புறப்படுவதற்கு முன்பே, அமெரிக்க மண்ணில் இருக்கும்போதே, ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது பொதுவாக இரண்டு ஆண்டு வரை செல்லும். இறைப்பணிக்குத்தானே போனோம் என்று விமான நிலையத்தில் சொன்னால் அதிகாரி கேட்டுக்கொள்வார், ஆனால் காகிதத்தைத்தான் பார்ப்பார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட இடைவெளி அந்தக் கணக்கையும் குலைக்கும்; குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையம் தம்பி (மறுமொழி)

ஐயா, நான் பெங்களூரு மிஷனில் இரண்டு ஆண்டு ஊழியம் செய்தவன். போகிறவர்கள் தரப்பில் இருந்து அக்கா சொல்லிவிட்டார்கள். வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் தரப்பில் இருந்து நான் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பத்தொன்பது வயதில் வீட்டை விட்டு வந்த எங்களுக்கு அமெரிக்கத் தம்பதியர் பெரும்பாலும் தாத்தா பாட்டியாகவே இருந்தார்கள். அந்தப் பாட்டிக்குத் தமிழில் 'சாப்பிட்டாச்சா' என்ற ஒரே சொல்தான் வந்தது. அதை மதியம் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும் கேட்பார். என் துணை ஊழியனுக்கு வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்த நாளில், அவர்கள் இருவரும் வந்து எதையும் போதிக்காமல், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். அன்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான்.

ஆனால் வேறொரு தம்பதியர் செய்த பிழையையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு சிறிய கிளையில் ஒரு குடும்பத்தின் வறுமையைப் பார்த்து மனம் பொறுக்காமல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்டினார்கள். உதவி தேவையென்றால் உள்ளூர்த் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும் என்ற அறிவுரை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மாதம் இன்னொரு குடும்பம் கேட்டது, அதற்கும் கொடுத்தார்கள். மூன்றாவது குடும்பத்திற்குக் கொடுக்கவில்லை. அவர்கள் விமானம் ஏறிப் போனபின், கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்கள் என்று கிளை இரண்டாகப் பிரிந்து நின்றது. மாதக் கணக்கில் அந்தக் கசப்பைத் தாங்கியவர், தினக்கூலி வேலைக்குப் போய்க்கொண்டே கிளைத் தலைவராகவும் இருந்த ஒரு மனிதர். அந்தத் தம்பதியரின் நல்ல மனதில் எனக்கு ஐயம் இல்லை. பதினெட்டு மாதத்தில் திரும்பிவிடுகிறவர்கள் விட்டுச்செல்வதை அங்கேயே இருப்பவர்கள்தான் சுமக்கிறார்கள் என்பதை, நம் ஊரை அறிந்த நீங்கள் அவர்களைவிட எளிதாக உணர்வீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பம்பு அறிவைக்கூட, நீங்களே பழுது பார்ப்பதோடு நிறுத்தாமல், உள்ளூரில் ஒருவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

உப்பேரிக்கரையான்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மனைவி இன்னும் இந்தியக் கடவுச்சீட்டுதான் வைத்திருக்கிறாள். கணக்குப்பிள்ளை ஐயா எழுதியதைப் படித்துக் காட்டியதும் வீட்டில் சற்று நேரம் அமைதி நிலவியது. தம்பி சொன்ன கிளைத் தலைவரை இரண்டு நாளாக மறக்க முடியவில்லை. தங்கை, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். எங்களுக்கும் கானா அமைந்து, அம்மாவைப் பார்க்க அங்கிருந்து நேராகக் கோவைக்கு வர நேர்ந்தால் ஏதாவது தடை உண்டா? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் விளங்கவில்லை.

கடலோரத்து அக்கா

அண்ணா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது; அங்கிருந்து இந்தியாவுக்கு வரும்போதும் அதே மஞ்சள் புத்தகத்தைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்புச் சற்று அதிகம் என்பதால், இருவரும் பயண மருத்துவரிடம் பேசிய பிறகே முடிவு செய்யுங்கள். ஊசி ஒத்துவராது என்று அவர் சொன்னால் அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடலாம். உலகில் அந்தக் காய்ச்சல் இல்லாத நாடுகள் நிறைய உண்டு.

அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லாதீர்கள். நான் என் மாமியாரிடம் அப்படிச் சொல்லி, அமெரிக்காவில் வேலை போய்விட்டதால் ஆப்பிரிக்காவுக்குப் போகிறார்கள் என்று திண்டுக்கல் முழுவதும் பரவிவிட்டது. புறப்படுவதற்கு முன் ஒரு முறை நேரில் போய் இரண்டு வாரம் இருந்து, அவர் கேட்கும்போது சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆயரிடம் மறுபடி போகும் முன்பே இருவரும் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மருத்துவரும் பல் மருத்துவரும் படிவத்தில் கையெழுத்திடாமல் விண்ணப்பம் நகராது. எங்களுடையது என் கணவரின் ஒரே ஒரு கடைவாய்ப் பல்லுக்காக ஆறு வாரம் காத்துக் கிடந்தது.